எதிர்வாசிப்பில் மூன்று வரிகள்

எங்கள் அணியில் கையெழுத்து நன்றாக இருப்பவன் நான் ஒருவன்தான். அப்பா திருக்கழுக்குன்றத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எழுத்து கோட்டின்மேல் உட்கார வேண்டும், கோட்டிலிருந்து தொங்கக் கூடாது என்பார். அதனால்தான் மானசா என்னைக் கேட்டிருக்க வேண்டும். அணியின் விளம்பர வேலைகளைப் பார்க்கிற பெண். "கட்டுரைய கையாலயே எழுதிக் குடுங்க அஸ்வத். அப்படியே நினைவு மலர்ல போட்டுடலாம், பாக்க உருக்கமா இருக்கும்" என்றாள். இரண்டு பக்கம் போதுமாம். தலைப்பையும் அவளே கொடுத்துவிட்டாள்: 'ஒரே அணியில் கார் ஓட்டுபவர்கள் தங்கள் டேட்டாவை ஒருவருக்கொருவர் காட்டலாமா?'

காட்டலாம் என்பது என் கருத்து. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கத்தைத் தாண்டிவிட்டால் மலர்க்குழு மன்னிக்க வேண்டும். எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

என்னோடு ஒரே அணியில் ஓட்டிய கலையரசன் இறந்து வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருடம் ஆகிறது. அதை ஒட்டித்தான் இந்த மலர். அன்று அவன் பெயரில் ஒரு கோப்பையும் தருகிறார்கள்: 'கலையரசன் நினைவு வெளிப்படைத்தன்மைக் கோப்பை'. ஒளிக்காமல் டேட்டாவைப் பகிர்ந்துகொண்ட இரண்டு ஓட்டுநர்களுக்கு ஆண்டுதோறும் கொடுப்பார்களாம். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் கருங்கல்லில் செய்திருக்கிறது. கனத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஒத்திகையில் ஒருவரால் தூக்க முடியாமல் போனபோது, இருவர் சேர்ந்து தூக்க வேண்டும் என்பதுதான் அதன் தத்துவம் என்று அழைப்பிதழில் சேர்த்துவிட்டார்கள்.

டேட்டா என்றால் பெரிய விஷயமில்லை. காருக்குள் ஒரு சோப்புப் பெட்டி அளவுக்குக் கருவி இருக்கும். எந்த இடத்தில் எவ்வளவு வேகத்தில் போனோம், ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தோம், பிரேக்கை எங்கே தொட்டோம், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தோம், எல்லாவற்றையும் அது பதிந்துகொள்ளும். ஓட்டி முடித்ததும் கம்ப்யூட்டரில் கோடு கோடாக வரும். இரண்டு பேருடைய கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் யார் எங்கே பயந்தார்கள் என்று தெரிந்துவிடும். பந்தயக்காரர்கள் பயம் என்று சொல்வதில்லை. முன்னேற்றத்துக்கு இடமுள்ள பகுதி என்போம்.

எங்கள் அணியின் பெயர் பல்லவ சிம்மம். சேர்மன் வேதாந்தம் வைத்த பெயர். ஓ.எம்.ஆர். சாலையில் பொறியியல் கல்லூரி நடத்துகிறவர். சுவரொட்டிகளில் கல்வித் தந்தை என்று போடுவார்கள். இரண்டு கார், ஒரு லாரி, எட்டுப் பேர். எங்கள் டி-ஷர்ட்டில் சிம்மம் கொஞ்சம் பூனை மாதிரி வந்துவிட்டது. அதையே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு பந்தயத்துக்கும் போவோம்.

நான் பதினொரு வயதில் கோ-கார்ட் என்கிற சின்னப் பந்தய வண்டி ஓட்ட ஆரம்பித்தவன். கலை அப்படியில்லை. மதுராந்தகத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அவன் அப்பா முனிசாமிக்கு இரண்டு டிராக்டர், நெல் மூட்டை ஏற்றும் ஒரு மினி லாரி. அந்த மினி லாரியில்தான் அவன் ஓட்டக் கற்றது. கல்லூரி வளாகத்தில் சேர்மன் 'திறமையைத் தேடி' என்று ஒரு போட்டி வைத்தார். அண்ணன் மகன் கிரிஷ் ஜெயிப்பதற்காக வைத்த போட்டி என்று பேச்சு. கலை லுங்கியை மாற்றிக்கொண்டு வந்து கிரிஷைவிட மூன்று செகண்ட் முன்னால் முடித்தான். அவனை எடுக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தடம் மதுராந்தகத்துக்குத் தெற்கே, ஒரு வாய்க்கால் கரையை ஒட்டி இருக்கிறது. ஒரு சுற்று சுமார் ஒன்றரை நிமிடம். முதல் நாளே கலை என்னைவிட ஒன்றேகால் செகண்ட் வேகமாகச் சுற்றினான். வெளியே இருப்பவர்களுக்கு இது ஒரு தும்மல் நேரம். எங்களுக்கு இது ஒரு ஜென்மம்.

டேட்டாவைப் பகிர வேண்டும் என்று சேர்மனிடம் முதலில் சொன்னது நான்தான். அதை நான் மறுக்கவில்லை. அவருக்கு யோசனை உடனே பிடித்தது. யாருக்கும் ஒளிக்காமல் இருப்பதைப் பற்றிப் பேச அவருக்கு மேடைகள் நிறைய இருந்தன. எடுத்துக்காட்டுதான் இல்லாமல் இருந்தது.

கலைக்கு விஷயமே புரியவில்லை.

"இன்னா அண்ணாத்த, என் காலு இன்னா பண்ணுதுன்னு எனக்கே தெரியாது. அத்த நீ பாத்து இன்னா பண்ணப் போற?"

"கத்துக்கலாம்னுதான்."

"பாத்துக்கோ, பாத்துக்கோ. தேஞ்சா பூடும்?"

அப்படித்தான் அவன் சம்மதம் கிடைத்தது. ஒரு படிவத்தில் கையெழுத்தும் வாங்கினோம்.

இதை முறைப்படுத்த மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ஓட்டலில் இரண்டு நாள் முகாம் நடந்தது. பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். வெளியே சிற்பக்கூடங்களில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்சம் நிறுத்தச் சொல்ல முடியுமா என்று அவர் கேட்டார். ஆயிரத்து முந்நூறு வருடமாகச் சொல்லிப் பார்க்கிறோம் சார் என்றார் ஓட்டல் மேலாளர். நம்பிக்கைப் பயிற்சி என்று ஒன்று வைத்தார்கள். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், மற்றவர் பிடிக்க வேண்டும். "வுட்டுடாத அண்ணாத்த, மண்ட பேந்துடும்" என்று சிரித்துக்கொண்டே கலை சாய்ந்தான். நான் பிடித்தேன். அதையும் எங்காவது பதிவு செய்ய வேண்டும்.

அந்த முகாமில்தான் சேர்மன் எதிர்வாசிப்பைக் கண்டுபிடித்தார். தன் முதுகைத் தானே பார்க்க முடியாது என்பது அவர் வாதம். ஆகவே இனிமேல் யாரும் தன் டேட்டாவைத் தான் பார்க்கக் கூடாது. என் கோடுகளைக் கலை படிப்பான். கலையின் கோடுகளை நான் படிப்பேன். தினமும் மாலை ஆறு மணிக்கு, படித்தவன் மூன்று வரி நோட்டில் எழுத வேண்டும். மெக்கானிக் அந்த நோட்டைப் பார்த்து, அதில் இருப்பதை மட்டும் சரிசெய்வார். மூன்று வரிக்கு மேல் எழுதக் கூடாது, குறைவாகவும் கூடாது. ஏன் மூன்று என்று யாரும் கேட்கவில்லை. மாநாடுகளில் எல்லாமே மூன்றாகத்தான் வரும்.

எங்கள் தலைமை மெக்கானிக் தாமோதரன் இருபது வருட ஆள். அவருக்கு இது பிடிக்கவில்லை. "இத்தினி வருசம் வண்டிய வுட்டு எறங்கினவன் மூஞ்சியப் பாத்தே எது லூசுன்னு சொல்வேன். இப்ப நோட்டப் பாத்துதான் ஸ்பானர் எடுக்கணுமாம். இன்னா கூத்துப்பா இது" என்றார். சேர்மன் அவரைக் கூப்பிட்டு, பழைய மனநிலை என்று ஒரு விஷயம் உண்டு, அதிலிருந்து வெளியே வர வேண்டும் என்று நாற்பது நிமிடம் விளக்கினார். அதன்பிறகு தாமோதரன் நோட்டில் இருந்தால் திறப்பார், இல்லாவிட்டால் திறக்கமாட்டார். அடிபட்ட மனிதர்கள் விதியை மிகச் சரியாகப் பின்பற்றுவார்கள்.

கலையின் மூன்று வரிகளை இப்போது எடுத்துப் படித்தால் சிரிப்பு வரும். கோடு படிக்க அவன் கஷ்டப்பட்டான். விரலை வைத்துத் தேய்த்துத் தேய்த்துத்தான் பார்ப்பான். ஆனால் சரியாகச் சொல்லிவிடுவான். 'அண்ணாத்த நாலாவது வளைவுல ஸ்டீரிங்க ரெண்டு தபா திருப்பற. ஒரு தபா போதும்.' 'கரை வளைவுல பிரேக்கு சீக்கிரம் தொடற. வாய்க்காலு உன்ன முழுங்காது.' 'நேத்திக்கி நீ நல்லா ஓட்ன. இத்த எழுதலாமான்னு தெரியல, எழுதிட்டேன்.' எழுத்துகள் கோட்டிலிருந்து தொங்கும்.

நான் அவனுக்கு எழுதியவை வேறு விதம். அவன் எல்லாவற்றையும் காலால் முடிவு செய்கிறவன். கார் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "காலுக்கு நல்லா கீது" என்பான். அது அறிவியல் இல்லை என்று நான் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். கால் பொய் சொல்லும், கோடு பொய் சொல்லாது என்று பல தடவை எழுதினேன். எதிரே உட்கார வைத்து விளக்கினேன். "உனக்கு வழுக்கற மாதிரி இருந்ததே, பார், வழுக்கவே இல்ல. உன் கால் சொன்னது தப்பு." அவன் திரையையும் தன் காலையும் மாறி மாறிப் பார்ப்பான். ஒரு வருடத்தில் அவன் நிறைய மாறினான். காரை விட்டு இறங்கியதும் முன்பு தாமோதரனிடம் போவான். இப்போது என்னிடம் வந்தான். "இன்னா சொல்லுது கோடு?" என்பான். அவனை அப்படி மாற்றியதில் எனக்கு அப்போது பெருமை இருந்தது. கிராமத்திலிருந்து வந்த ஒருவனை நவீன ஓட்டுநராக்கியது நான் என்று சேர்மனும் ஒரு பேட்டியில் சொன்னார்.

அவன் டேட்டாவைப் பார்த்து நானும் கற்றேன். ஒன்றேகால் செகண்ட் ஒரு செகண்ட் ஆனது, அரை ஆனது, இரண்டாவது வருடம் பாதியில் கால் செகண்டுக்கும் கீழே, ஒரு செகண்டில் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசத்துக்கு வந்துவிட்டேன். அங்கே நின்றது.

இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். அவன் பிரேக் தொடும் இடத்தில் நான் தொட்டேன். அவன் திருப்பும் இடத்தில் திருப்பினேன். எங்கள் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்தால் ஒரே கோடாகத் தெரியும். இருந்தும் சுற்று முடிவில் அவன் முன்னால் இருந்தான். அந்த ஐந்தில் ஒரு பங்கு எந்தக் கோட்டிலும் இல்லை. பல மாலைகள் தேடினேன். "கலை, எங்கே எடுக்கறே அத?" என்று நேரிலேயே கேட்டேன்.

"எத்த அண்ணாத்த?"

"அந்த நேரத்த."

கொஞ்ச நேரம் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான் என்று இப்போது நினைக்கிறேன். "தெர்ல அண்ணாத்த. தெரிஞ்சா உனுக்கு சொல்லாம யாருக்கு சொல்லப் போறேன்" என்றான்.

அப்போது நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் பகிர்கிறோம் என்று கையெழுத்துப் போட்டவன் ஒன்றை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டான் என்று எனக்குப் பட்டது. வருத்தமாக இருந்தது. முதலில் ஒளித்தவன் யார் என்று பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம்.

அந்த ஆகஸ்டில் சேர்மன் எங்கள் இருவரையும் கோவளம் பக்கத்தில் ஒரு ஓட்டலுக்குக் காலை உணவுக்கு அழைத்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தோளில் கை போட்டுக்கொண்டார். நாங்கள் அவருடைய இரண்டு கண்கள் என்றார். பிறகு பொங்கல் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே, அடுத்த வருடம் அணி மலேசியாவில் ஓட்டப் போகிறது, அதற்கு ஒரு கார்தான், ஆகவே ஒருவர்தான் என்றார். அக்டோபர் பந்தயத்தில் முன்னால் முடிப்பவர் போவார். மற்றவருக்குக் கல்லூரியில் விளையாட்டுத் துறையில் மரியாதையான ஒரு இடம் உண்டு.

திரும்பும்போது ஈ.சி.ஆர். சாலையில் நான்தான் காரை ஓட்டினேன். கலை ஜன்னல் வழியே படகுகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். "உனுக்கு இதான அண்ணாத்த லைஃபு. சின்ன வயசுலேந்து ஓட்டிகினு கீற" என்றான். கொஞ்சம் கழித்து, "ஆனா எனுக்கும் ஆசையா கீது. ஜோதி கைல சொல்லிட்டேன், பிளேன்ல கூட்டினு போறேன்னு" என்றான். ஜோதிலட்சுமி அவன் மனைவி. கல்யாணமாகி ஏழு மாதம். விட்டுக்கொடுக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். தகுதியால் போக வேண்டும் என்பதுதான் என் கொள்கை.

இனி அந்தச் சனிக்கிழமை.

கடைசிப் பயிற்சி முடிந்தது. மாலை ஆறு மணிக்கு நான் கலையின் கோடுகளைத் திறந்தேன். பிரேக்குக்கு இரண்டு கோடுகள் உண்டு. பெடல் எவ்வளவு கீழே போனது என்பது ஒன்று. அதனால் எண்ணெயில் எவ்வளவு அழுத்தம் ஏறியது என்பது இன்னொன்று. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்தே ஏற வேண்டும், சேர்ந்தே இறங்க வேண்டும். கலையின் கடைசி நான்கு சுற்றுகளில் பெடல் கோடு கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் போயிருந்தது. அழுத்தக் கோடு பின்தங்கியிருந்தது. எங்கோ எண்ணெய் கசிகிறது. ஆறியதும் ஓரளவு மீளும், சூடானதும் மறுபடி ஆரம்பிக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு. ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்று பார்த்தேன். நாளைய பந்தயம் பன்னிரண்டு சுற்று. ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்த்ததில் ஒன்பதாவது சுற்றிலோ பத்தாவதிலோ, நீண்ட நேர்ப்பாதையின் முடிவில், கரை வளைவில், மிதித்தால் ஒன்றும் இருக்காது என்று வந்தது.

அந்த நேரத்தில் கலை இரண்டு கையிலும் டீயோடு வந்தான்.

"அண்ணாத்த, கடைசி ரெண்டு ரவுண்டுல பெடலு கொஞ்சம் கீழ போறாப்ல கீது. கோட்டுல எதுனா தெரியுதா?"

"சூடு ஏறினா என் பெடலும் கீழதான் போகும்" என்றேன். அது உண்மை. எல்லோருடைய பெடலும் போகும்.

"அப்ப சரி. எனுக்குதான் பேஜாரா இருந்திச்சி. தாமோதரண்ண கைல ஒரு வார்த்த சொல்லிடட்டா?"

"நோட்டுல இருக்கறதத்தான் அவர் பாப்பார்."

"ஆமால்ல" என்றான். டீயை என் பக்கமாக நகர்த்தி வைத்தான். "காலு பொய் சொல்லும்னு நீதான சொன்ன" என்று சிரித்தான்.

அவன் போன பிறகு நோட்டில் மூன்று வரி எழுதினேன். ஒன்று: இரண்டாவது வளைவில் வெளியேறும்போது இன்னும் ஒரு அடி அகலம் பயன்படுத்தலாம். இரண்டு: கியர் மாற்றம் சீராக உள்ளது. மூன்று: கரை வளைவில் பிரேக் தொடும் இடம் மிகச் சரி, மாற்ற வேண்டாம். ஒன்றிலும் பொய் இல்லை. நான்காவதுக்கு இடமில்லை. விதியை நான் செய்யவில்லை.

எதிர்ப்பக்கத்தில் கலை எனக்கு எழுதியிருந்தது: 'இடது பக்கம் பின்னாடி டயரு சூடு ஜாஸ்தி ஆவுது. தாமோதரண்ணன் காத்து பாக்கணும். நாளிக்கி பாத்து ஓட்டு.' தாமோதரன் என் டயரைப் பார்த்தார். ஒரு ஆணி இருந்தது. எடுத்துப் போட்டார்.

ஞாயிறு காலை பத்தரைக்கு வரிசையில் நின்றோம். அவன் முதல் இடம், நான் இரண்டாவது. ஹெல்மெட்டைப் போடுவதற்கு முன் என் பக்கம் நடந்து வந்தான். "பெடலு ஓகேதான அண்ணாத்த?" என்றான். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்டது. நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். பந்தயத்துக்கு முன் எல்லோரும் செய்வதுதான் அது. வாழ்த்துகிறேன் என்றும் பொருள் கொள்ளலாம். அவனும் கட்டைவிரலைக் காட்டினான்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கரை வளைவுக்கு வெளியே காரை நிறுத்துவதற்கென்று மணல் படுகை இருக்கிறது. அதில் போய்ப் புதைந்து, புழுதியோடு எழுந்து வருவான், பந்தயம் போய்விடும், மாலையில் சிரித்துக்கொள்வோம். அப்படித்தான் என் மனத்தில் படம் இருந்தது. வெள்ளிக்கிழமை தடத்தை நடந்து பார்த்தபோது மழையில் அந்த மணல் இறுகி சிமெண்டு மாதிரி ஆகியிருந்ததைக் கவனித்திருந்தேன். கவனிப்பது என் பழக்கம்.

பத்தாவது சுற்றில் நடந்தது. வேகம் குறையாமல் போனான். பிரேக் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன். அணைந்தது, எரிந்தது, அணைந்தது, எரிந்தது. மூன்று தடவை மிதித்திருக்கிறான். பிறகு டயர்களை அடுக்கிக் கட்டிய தடுப்புச் சுவர். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று தாமோதரன்தான் போனில் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

சேர்மன் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். மூன்று பேர். பிரேக் குழாயில் கசிவு இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். நோட்டைப் பார்த்தார்கள். எதிர்வாசிப்பு தவறாமல் செய்யப்பட்டு, தெளிவான கையெழுத்தில் மூன்று வரி எழுதப்பட்டிருப்பதைப் பாராட்டினார்கள். கோடுகளை அவர்கள் படிக்கவில்லை. அவற்றைப் படிக்கத் தெரிந்த நிபுணர் ஒருவர் வேண்டும் என்றார்கள். அந்த நிபுணராக என்னையே போட்டார்கள். எதிர்பாராத இயந்திரக் கோளாறு என்று நான் எழுதிக் கொடுத்தேன். எதிர்பாராத என்ற சொல்லைச் சேர்மன்தான் சேர்க்கச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

வண்டியைத் திறந்து பார்க்காதது தாமோதரனின் கவனக்குறைவு என்று ஒரு வரி அறிக்கையில் இருந்தது. அவர் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. இப்போது ஊரப்பாக்கத்தில் ரயில் நிலையத்துக்கு அருகே இரண்டு சக்கர வண்டி ரிப்பேர் பார்க்கிறார். ஒரு தடவை போயிருந்தேன். "நோட்ட நூறு தபா பாத்துட்டேம்ப்பா. அதுல இல்ல. ஆனா அந்தப் புள்ள எறங்கி வந்தப்ப மூஞ்சியப் பாத்தேன். அதுல இருந்திச்சி. நான்தான் கேக்காம வுட்டுட்டேன்" என்றார். அவர் மேல் தவறில்லை என்று ஆறுதல் சொன்னேன். அழுதார். நல்ல மனிதர்.

மலேசியாவுக்கு நான் போனேன். பதினான்காவதாக முடித்தேன். என் முன்னால் ஓடிய பதின்மூன்று பேரிடமும் அந்த ஐந்தில் ஒரு பங்கு இருந்தது.

போன மாதம் ஜோதிலட்சுமி என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆறு மாதக் குழந்தை தோளில். மலருக்கு ஒரு புகைப்படம் கொடுக்க வந்தாள். காபி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"அண்ணா, சனிக்கெழம எனக்கு போன் பண்ணாரு. பெடலு ஒரு மாரியா கீதுன்னு ஒரே யோசனையா இருந்தாரு. அப்புறம் அவரே சொன்னாரு, அஸ்வத் அண்ணாத்த கைல கேட்டுட்டேன், ஒண்ணும் இல்லன்ட்டாரு, அவரு கோடு படிச்சா தப்பாதுன்னு. நிம்மதியா தூங்கறேன்னு சொல்லி வச்சிட்டாரு."

நான் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க அத்த நெனச்சி மனச ஒடச்சிக்காதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லாம இருந்திருப்பீங்களா. அத்த சொல்லத்தான் வந்தேன்" என்றாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் பையில் புகைப்படத்தைத் தேடினாள். குழந்தை என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. கால்களை உதைத்துக்கொண்டே இருந்தது.

இந்தக் கட்டுரையை அதற்குப் பிறகுதான் எழுத ஆரம்பித்தேன்.

இன்னொன்றையும் சொன்னால் முழுமையாகிவிடும். அன்றைய பந்தயத்தின் என் டேட்டா இப்போதும் அணியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம். எட்டாவது சுற்று வரைக்கும் நான் கலைக்கு ஒரு கார் நீளம் பின்னால் ஒட்டிக்கொண்டே போகிறேன். ஒன்பதாவது சுற்றில், நேர்ப்பாதையின் நடுவிலேயே, எந்தக் காரணமும் இல்லாமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறேன். ஐந்து கார் நீளம் இடைவெளி விடுகிறேன். பத்தாவதிலும் அப்படியே, அதே இடத்தில். அவன் கார் நிற்காதபோது அதில் நான் சிக்கக் கூடாது என்பதற்காக. கோடு அதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. படிக்கத் தெரிந்த யாருக்கும் ஒரு நிமிடம் போதும். ஆனால் எங்கள் முறைப்படி என் கோடுகளைப் படிக்க வேண்டியவன் கலை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவன் பக்கம் காலியாக இருக்கிறது. அதன்பிறகு யாரும் திறக்கவில்லை.

ஆகவே கசிவு எனக்குத் தெரியும். எந்தச் சுற்று, எந்த வளைவு என்று தெரியும். மணல் இறுகியிருந்தது தெரியும். தெரிந்தே மூன்று வரியில் அதை விட்டேன். இவ்வளவையும் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். மலர்க்குழு இதைப் போலீசிடம் கொடுப்பதானாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அச்சிடுவதானால் எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக்கொள்ளவும்.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரே அணியில் ஓட்டுபவர்கள் டேட்டாவைப் பகிர்ந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் பகிர்தல் என்பது ஒருவர் மட்டும் செய்கிற காரியம் இல்லை. எதிரில் இருப்பவரும் தனக்கு என்ன தெரிய வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கலை கூச்ச சுபாவம். மனத்தில் இருப்பதை வெளியே சொல்லவே மாட்டான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.